'பழகிப் போச்சு' என்னும் சொல்லாடல்: மீள்திறனும் பிணம் தூக்கும் கைகளும்

1

கஜா புயல் அடித்து ஓய்ந்த சில வாரங்களுக்குள், வல்லத்திராக்கோட்டையில் ஒரு டீக்கடை வாசலில் காதில் விழுந்த பேச்சு இது. வெளி மாவட்டத்திலிருந்து கம்பம் நட வந்திருந்த மின்வாரிய ஆட்கள் நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் மூத்தவர் ஒருவர் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். கூட வேலை பார்த்தவர் கம்பத்திலிருந்து விழுந்ததை இவர் கீழே நின்று பார்த்தாராம். பக்கத்தில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார். கடைக்காரர் ஆறுதலாகத்தான் சொன்னார்: 'விடுங்கண்ணே, உங்களுக்கெல்லாம் இது பழகிப் போயிருக்கும்.' அவர் நிமிர்ந்து பார்த்தார். 'எது தம்பி பழகும்?' என்று மட்டும் கேட்டார். கடையில் இருந்த யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும்தான்.

அந்த மனிதரின் கேள்வியை ஒரு தனிமனிதப் புலம்பலாக அல்லாமல் கோட்பாட்டுக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். ஏனெனில் 'பழகிப் போச்சு' என்கிற இரண்டு சொற்களுக்குள் நம் சமூகம் யாருடைய உடலை எதற்காகப் பயன்படுத்துகிறது, அந்த உடலுக்குள் ஒரு மனம் இருப்பதை எப்படி மறந்துவிடுகிறது என்பதன் முழு வரலாறும் இருக்கிறது. இன்றைக்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் கையாளும் 'மீள்திறன்' என்கிற சொல், பல சமயங்களில் இந்தப் பழைய சொல்லின் புது மொழிபெயர்ப்பாகவே இருக்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கஜா கரையேறியது. கடலோரத்தோடு நிற்கவில்லை, புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கங்களில் தென்னையும் பலாவும் வாழையும் வேரோடு சாய்ந்தன. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மொத்தமாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. நிவாரணம் வரவில்லையென்று கொத்தமங்கலத்தில் மறியல் நடந்து அரசு வாகனங்கள் எரிந்ததும் அந்த நாட்களில்தான். இந்தக் கோபத்துக்கும் இருட்டுக்கும் நடுவில்தான் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான மின் ஊழியர்கள் வந்து இறங்கினார்கள். வயல் தண்ணீரில் நின்று கம்பி இழுத்தார்கள். பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் படுத்துக்கொண்டார்கள். வந்த இடத்திலேயே உயிரை விட்டவர்களும் உண்டு. பத்திரிகைகள் படம் போட்டன. ஊர்க்காரர்கள் சோறு ஆக்கிப் போட்டார்கள். கரண்ட் வந்தது. அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

கதை இங்கே முடிந்துவிடுகிறது. நம்முடைய எல்லாப் பேரிடர்க் கதையாடல்களும் இந்த இடத்தில்தான் முடிகின்றன. திரும்பிப் போனவர் வீட்டில் எப்படி இருந்தார், ராத்திரியில் தூங்கினாரா, மறுபடி கம்பத்தில் ஏறும்போது கை நடுங்கியதா என்பது கதைக்கு வெளியே தள்ளப்பட்ட விஷயம். கதைக்கு வெளியே எதைத் தள்ளுகிறார்கள் என்று பார்ப்பதுதானே விமர்சனத்தின் வேலை?

2

'மீள்திறன்' என்கிற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு காடு, ஒரு ஏரி எவ்வளவு அதிர்ச்சியை வாங்கிக்கொண்டும் தன்னைத் தக்கவைத்துக்கொள்கிறது என்பதை விளக்க 1973இல் ஹோலிங் என்கிற சூழலியலாளர் இந்தக் கருத்தை விரிவாக எடுத்தாண்டார். பிறகு அது உளவியலுக்கும், நிர்வாகத்துக்கும், பேரிடர் மேலாண்மைக்கும் பரவியது. 2005 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரில் 168 அரசுகள் கூடி ஏற்றுக்கொண்ட ஹியோகோ செயல்திட்டத்தின் தலைப்பிலேயே அது இடம்பெற்றது: நாடுகளிடமும் சமூகங்களிடமும் மீள்திறனைக் கட்டியெழுப்புவது.

கோபேயில் அந்தக் கூட்டம் நடந்தபோது சுனாமி வந்துபோய் நாலு வாரம்கூட ஆகவில்லை. நாகப்பட்டினத்தில் குழிகள் அப்போதுதான் மூடப்பட்டிருந்தன. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் செத்திருந்தார்கள். அந்தப் பிணங்களை எடுத்தது யார்? பக்கத்திலும் தூரத்திலுமுள்ள நகராட்சிகளிலிருந்து லாரிகளில் கொண்டுவந்து இறக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். பெரும்பாலும் தலித்துகள். முதல் நாட்களில் கையுறையோ முகமூடியோ பூட்ஸோ போதுமான அளவு இல்லாமல், ஊறி அழுகிய உடல்களை இடிபாடுகளிலிருந்தும் கருவேல முட்களுக்குள்ளிருந்தும் எடுத்துக் குழியில் போட்டவர்கள் அவர்கள்.

சுனாமிக்குப் பிறகு மனநல உதவி வரவேயில்லை என்று சொல்ல முடியாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்திலிருந்து குழுக்கள் வந்தன. உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தைகளைப் படம் வரையச் சொன்னார்கள். அது தேவையான வேலைதான், அதைக் கொச்சைப்படுத்தக் கூடாது. ஆனால் அந்த உதவி 'பாதிக்கப்பட்டவர்' என்று யாரை அடையாளம் கண்டதோ அவரை நோக்கித்தான் போனது. லாரியில் வந்து, வேலை முடிந்ததும் லாரியில் திரும்பிப் போனவர் அந்தப் பட்டியலில் வரவேண்டியவர் என்கிற எண்ணம் நம் பொதுப்புத்தியில் எழவேயில்லை. ஏன் எழவில்லை?

ஏனெனில் அவர் 'பாதிக்கப்பட்டவர்' அல்ல. 'மீட்பாளர்' என்கிற மரியாதையும் அவருக்கு இல்லை. அவர் வெறும் 'ஆள்'. 'ஆள் வந்தாச்சா?' என்றுதானே கேட்கிறோம்.

3

பேரிடர்ப் பயிற்சிக் கையேடுகளில் 'முதல்நிலை மீட்பாளர்' என்று ஒரு சொல் வருகிறது. படத்தில் தீயணைப்பு வீரர், காவலர், ஆம்புலன்ஸ் ஊழியர் இருப்பார்கள். சீருடை இருக்கும். ஆனால் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கண்மாயிலோ கிணற்றிலோ ஒரு பிள்ளை விழுந்தால் டவுனிலிருந்து ஃபயர் சர்வீஸ் வண்டி வந்து சேருவதற்கு முன்னால் குதிக்கிறவன் யார்? ஊருக்கு ஒருத்தன் இருப்பான். மூச்சடக்கத் தெரிந்தவன். உயிரோடு எடுத்தால் நாலு நாள் பேச்சு. பிணமாக எடுத்தால் அதுவும் இல்லை. குளித்துவிட்டுப் போகச் சொல்லி, கையில் ஐநூறோ குவார்ட்டரோ கொடுத்து அனுப்புவார்கள். அடுத்த தடவையும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். 'அவனுக்கு பயம் கிடையாதுப்பா.'

இந்த 'பயம் கிடையாது' என்பது ஒரு தனிமனிதக் குணத்தைப் பற்றிய வாக்கியம்போலத் தோற்றம் காட்டுகிறது. ஆனால் கறாராகப் பார்த்தால் இது வேலைப் பிரிவினையைப் பற்றிய வாக்கியம். சாவோடு தொடர்புள்ள வேலைகளை, அதாவது சேதி சொல்லப் போவது, குழி வெட்டுவது, பறையடிப்பது, எரிகிற பிணத்தைத் தள்ளிவிடுவது முதலானவற்றை, சாதி ஏற்கனவே குறிப்பிட்ட உடல்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த உடல்களுக்குத் தீட்டு உண்டு, துக்கம் கிடையாது என்பது அதன் உள்விதி. இறந்தவரின் சொந்தக்காரர்களுக்குத் துக்கத்தைக் கழிக்க முறைகள் இருக்கின்றன. ஒப்பாரி இருக்கிறது, தலைமுழுக்கு இருக்கிறது, கருமாதி இருக்கிறது. அழுவதற்கு நாளும் இடமும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். தூக்கிப் போனவனுக்கு என்ன முறை இருக்கிறது? அவன் அழுதால் அது முறையாகாது. குடித்தால் முறை.

ஆஸ்பத்திரி மார்ச்சுவரிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 'தண்ணி போடாம இந்த வேலையைப் பாக்க முடியாது சார்' என்பதைப் பிணவறைத் தொழிலாளர்களிடம் பேசிய யாரும் கேட்டிருப்பார்கள். அதைக் கேட்டு நாம் தலையாட்டுகிறோம், வேலையின் இயல்பே அப்படித்தான் என்பதுபோல. மனக்காயத்துக்கு இந்தத் தொழிலாளிக்கு இந்த அரசு எட்டும் தூரத்தில் வைத்திருக்கும் ஒரே மருந்தகம் டாஸ்மாக்தான் என்று சொன்னால் அதில் நையாண்டி குறைவு, விவரணை அதிகம். பிறகு அவன் குடிகாரன் என்பதால் அவன் சொல்வது எடுபடாது. காயத்தையும் கொடுத்து, காயத்தைப் பற்றிப் பேசும் தகுதியையும் பறித்துக்கொள்கிற ஏற்பாடு இது.

தகழியின் 'தோட்டியின் மகன்' 1947இல் மலையாளத்தில் வந்தது. சுந்தர ராமசாமி அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். மூன்று தலைமுறைத் தோட்டிகளின் கதை. அதை வேலையின் அருவருப்பைச் சொல்லும் நாவலாகவே நாம் பெரும்பாலும் வாசித்திருக்கிறோம். பழகிப்போகச் சொல்லிக் கொடுக்கப்பட்ட ஒரு மனம் எந்தத் தலைமுறையில் பழக மறுக்கிறது என்பதன் கதையாகவும் அதை வாசிக்கலாம். மூன்றாம் தலைமுறை மோகனனிடம் அந்த மறுப்பு சங்கமாகவும் கலகமாகவும் வடிவெடுக்கிறது. அவனுடைய 'மீள்திறன்' தாங்கிக்கொள்வதில் இல்லை, தாங்க மறுப்பதில் இருக்கிறது.

4

இதற்கு எதிர்முனையில் இருப்பது வீரனாக்கும் சொல்லாடல். 2020 மார்ச் 22 மாலை நாடு முழுக்கத் தட்டைத் தட்டினோம், கைதட்டினோம். மே 3 அன்று ராணுவ ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகள்மேல் பூத்தூவின. இரண்டுக்கும் இடையில், ஏப்ரல் 19 இரவு சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்ய உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸை ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் காயத்தோடு தப்பினார்கள். கடைசியில் சக மருத்துவர் ஒருவரே நின்று குழியை மூட வேண்டியிருந்தது.

பூவும் கல்லும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று நமக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டுமே அந்த உடலைச் சாதாரண மனித உடலாகப் பார்க்க மறுக்கின்றன. ஒன்று அதைத் தெய்வமாக்குகிறது, மற்றது தீட்டாக்குகிறது. தெய்வத்துக்கு லீவு வேண்டியதில்லை. தீட்டுக்கு ஆறுதல் வேண்டியதில்லை. 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கிற ஆம்புலன்ஸ் ஊழியர் எட்டு மணி நேர வேலை கேட்டால், நிரந்தரம் கேட்டால், 'சேவை செய்றவங்க ஸ்ட்ரைக் பண்ணலாமா?' என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விக்குள் பூத்தூவலின் கூலிக்கணக்கு இருக்கிறது. 2018 கேரள வெள்ளத்தில் ஜனங்கள் படகில் ஏற முதுகைப் படிக்கட்டாக்கிக் குனிந்த மீனவரின் படம் எத்தனை பேர் கண்ணில் நீர் வரவழைத்தது! அந்த முதுகு வலித்திருக்கும் என்று நம்மில் எத்தனை பேர் நினைத்தோம்?

5

சரி, அப்படியானால் மனநல மருத்துவம், ஆலோசனை இதெல்லாம் பம்மாத்து, போராட்டம் ஒன்றே தீர்வு என்று முடித்துவிடலாமா? சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு இது வசதியான முடிவு. ஆனால் நேர்மையான முடிவு அல்ல. மூணு மாதமாகத் தூக்கமில்லாமல் திடுக்கிட்டு எழுகிற ஒருவரிடம் போய் 'உன் வலி கட்டமைக்கப்பட்டது தோழர்' என்று சொல்வதும் ஒரு வன்முறைதான்.

மனக்காயத்தின் மருத்துவ வரலாற்றையே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்கிற பெயர் 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது. அதை ஏற்றியதில், 1970 முதல் நியூயார்க்கில் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் பேசத் தொடங்கிய வியட்நாம் போர் எதிர்ப்புச் சிப்பாய்களுக்கும், அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்த லிஃப்டன், ஷாடன் போன்ற மருத்துவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அந்த வட்டங்களில் 'எனக்கு என்ன வியாதி?' என்கிற கேள்வியும் 'என்னை எதற்கு அங்கே அனுப்பினாய்?' என்கிற கேள்வியும் ஒன்றாகவே எழுந்தன. பிற்பாடு முதல் கேள்வியை மருத்துவம் எடுத்துக்கொண்டது. இரண்டாவது கழன்று விழுந்தது.

1983இல், தானே தீயணைப்பு, ஆம்புலன்ஸ் வேலை பார்த்திருந்த ஜெஃப்ரி மிட்செல் என்பவர் மீட்பாளர்களுக்கென்று ஒரு முறையை முன்வைத்தார். சம்பவம் முடிந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் உட்காரவைத்து, படிப்படியாக நடந்ததைச் சொல்லவைப்பது. பல நாடுகளில் அது கட்டாயச் சடங்காகவே ஆனது. ஆனால் இப்படி ஒரே ஒரு அமர்வில் பேசவைப்பது பிற்கால நோயைத் தடுப்பதாகச் சான்று இல்லை என்றும், சிலருக்கு நிலைமையை மோசமாக்கியும் இருக்கிறது என்றும் பின்னால் வந்த ஆய்வுத் தொகுப்புகள் காட்டின. அந்த ஆய்வுகள் மிகுதியும் விபத்துக்கு ஆளானவர்களிடம் நடந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, யாரையும் வற்புறுத்திப் பேசவைக்காதே, பக்கத்தில் இரு, கேள், சாப்பாடும் ஓய்வும் உறவினரும் கிடைக்க வழிசெய் என்றுதான் சொல்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2000இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, ஒருவருக்கு இந்தக் கோளாறு வருமா என்பதைச் சம்பவத்துக்கு முந்தைய அவருடைய குணாம்சங்களைவிட, சம்பவத்துக்குப் பிறகு அவருக்குக் கிடைக்காமல்போன ஆதரவும் அதற்கப்புறம் அவர்மேல் ஏறிய வாழ்க்கைச் சுமைகளும்தான் வலுவாகச் சுட்டுகின்றன.

அதாவது மருத்துவமே தன் பாஷையில் சொல்லிவிட்டது: மீள்வது என்பது மண்டைக்குள் மட்டும் நடக்கிற காரியம் அல்ல. திரும்பிப் போகிற வீடு, கிடைக்கிற சம்பளம், மேலதிகாரியின் நாக்கு, டீக்கடையில் உட்கார இடம் என்று எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஆனால் நம் பயிற்சி வகுப்புகள் இதில் எதைத் தொடுகின்றன? மூச்சுப் பயிற்சியைச் சொல்லித் தருகின்றன. மூச்சுப் பயிற்சி கெட்டதல்ல. மூச்சு விட நேரம் கொடுக்காமல் மூச்சுப் பயிற்சி கொடுப்பதுதான் கெட்டது.

இந்த இடத்தில் ஃபனானை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1961இல் வந்த அவருடைய கடைசி நூலில், அல்ஜீரியாவில் கைதிகளைச் சித்திரவதை செய்து செய்து, வீட்டில் மனைவியையும் பச்சைக் குழந்தையையும் அடிக்க ஆரம்பித்துவிட்ட ஒரு போலீஸ் அதிகாரியைப் பற்றி எழுதுகிறார். அந்த ஆள் மருத்துவராகிய ஃபனானிடம் வந்தது வேலையை விட அல்ல. மன உறுத்தல் இல்லாமல் அதே வேலையைத் தொடர வழி கேட்டு. மீள்திறன் என்கிற சொல்லை யார் உச்சரித்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்: எதற்குள் மீள்வது? காயம் உண்டாக்கிய அதே ஏற்பாட்டுக்குள் அதே ஆளைப் பழுது பார்த்துத் திருப்பி அனுப்புவதற்குப் பெயர் மீட்சியா, பராமரிப்பா?

6

நம் ஊருக்குத் திரும்புவோம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது. அதில் தொழில்சார் நோய்களுக்கு ஒரு அட்டவணை உண்டு. ஈயம், பாதரசம், ஆந்த்ராக்ஸ், நுரையீரல் தூசி நோய் எல்லாம் அதில் இருந்தன. கண்ட காட்சி கண்ணைவிட்டுப் போகாத நோய் இல்லை. 94 குழந்தைகள் கருகிய கும்பகோணம் பள்ளிக்குள் 2004 ஜூலை 16 அன்று ஏறிப் போனவர்களின் நோய்க்குச் சட்டத்தின் மொழியில் பெயர் இல்லை. பெயரில்லாத நோய்க்கு இழப்பீடும் இல்லை, விடுப்பும் இல்லை.

ஆக, கேட்க வேண்டியவை எளிமையானவை. கொடூரமான சம்பவத்துக்குப் பிறகு சம்பளத்தோடு ஓய்வு. அதே ஆளையே திரும்பத் திரும்ப அனுப்பாத சுழற்சி. மருத்துவரைப் பார்த்தது பணிப்பதிவேட்டில் ஏறாது என்கிற உத்தரவாதம். நிரந்தர ஊழியருக்குள்ளது அத்தனையும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் பிணத்தைத் தொட மறுக்கிற உரிமை. கிணற்றில் குதிக்கிறவனுக்கு குவார்ட்டருக்குப் பதிலாகக் கூலியும் மரியாதையும். இவற்றோடு ஒன்று: அதிகாரிகள் இல்லாமல் அவர்கள் தங்களுக்குள் உட்கார்ந்து பேச ஒரு அறை. நியூயார்க் சிப்பாய்கள் கண்டுபிடித்ததும் அதைத்தான். சங்கங்கள் போனஸ், பஞ்சப்படியோடு இதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க என்ன தடை? 'ஆம்பளை இதுக்கெல்லாம் அழுவானா' என்கிற கூச்சம் சங்க அலுவலகங்களுக்குள்ளும் இருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'உடல்', 'வலி', 'விளிம்பு' என்று எத்தனை பக்கம் எழுதினோம். அந்த எழுத்துகள் நமக்கு நிறையக் கற்றுக்கொடுத்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் பிணவறைத் தொழிலாளி, லைன்மேன், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், குழி வெட்டுகிறவர் தன் வாயால் தன் ராத்திரியைச் சொல்கிற எத்தனை பக்கங்களை நம் இதழ்கள் வெளியிட்டன? அவர்களைப் பற்றி எழுதுவதற்கும் அவர்கள் எழுதுவதற்கும் உள்ள தூரம், அந்த டீக்கடை பெஞ்சுக்கும் அதன் எதிரில் நின்ற எனக்கும் இருந்த தூரம்தான்.

'எது தம்பி பழகும்?' என்று அவர் கேட்டபோது நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். அவரிடம் 'தூங்குனீங்களாண்ணே?' என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.